பன்னிரண்டு பேரின் மெஷின்

எனக்குக் கோபம் வந்தால் கை நடுங்காது. கண் இன்னும் கூர்மையாகத் தெரியும். "உன்னைத் திட்டிட்டு நிக்க வைக்கணும், அப்பதான் ரிஜெக்டைக் கரெக்டா புடிக்கிற" என்று எங்கள் சூப்பர்வைசர் கேலி செய்வார். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில், லைனின் கடைசியில் நிற்பவள் நான். வருகிற ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்து, அளவு சரிபார்த்து, பச்சை மையில் ஒரு புள்ளி வைப்பேன். அந்தப் புள்ளிக்கு நான்தான் பொறுப்பு.

இதற்கு முன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேறொரு கம்பெனியில் இருந்தேன். ஒரு நாள் லாரி வாசலில் காத்திருக்கிறது, நேரமில்லை, ஒரு டிராலி முழுவதற்கும் ஓகே போடு என்றார்கள். போட்டேன். பதினைந்து நாளில் அந்த டிராலி திரும்பி வந்தது. போடச் சொன்னவர் எதிலும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. தாளில் இருந்தது என் கையெழுத்து மட்டும். வேலை போன அன்று பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து, துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பார்க்காத எதற்கும் இனி ஓகே சொல்வதில்லை என்று அன்று முடிவெடுத்தேன். எங்கள் வீட்டில் கேட்டால் அதைத் திமிர் என்பார்கள்.

கிரிப்டோ காசு என்னைப் பிடித்துக்கொண்டதும் இந்தத் திமிரால்தான். எந்தக் காசு என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் இன்று என்ன விலை என்று கேட்பீர்கள். கம்பெனி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் வருகிற ஃபோர்க்லிஃப்ட் அண்ணன்தான் முதலில் அதைப் பற்றிச் சொன்னார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஷிஃப்டில் எல்லோருக்கும் அண்ணன். வங்கி இல்லை, முதலாளி இல்லை, யார் யாருக்கு அனுப்பினாலும் அது சரியா என்று உலகத்தில் யார் வேண்டுமானாலும் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு தாங்களே பார்த்துக்கொள்ளலாம் என்றார். விலை ஏறும் என்றும் சொன்னார், அது என் காதில் ஏறவில்லை. தாங்களே பார்த்துக்கொள்ளலாம் என்ற இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அந்தக் காசு எப்படி நகர்கிறது என்பதை எங்கள் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி இப்படிச் சொல்வேன். அனுப்பப்படுகிற தொகைகள் எல்லாம் சில நிமிடத்துக்கு ஒரு பெட்டியாகக் கட்டப்பட்டு வரும். பெட்டிக்கு ஒரு அளவு உண்டு. கூட்டம் அதிகமானால் எல்லோருக்கும் பெட்டியில் இடம் கிடைக்காது, அதிகக் கட்டணம் கொடுப்பவன் முதலில் ஏறுவான், மற்றவன் நிற்பான். வருகிற ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, உள்ளே இருப்பது விதிப்படி சரியா என்று பார்ப்பது எங்களைப் போன்றவர்கள் வைத்திருக்கும் மெஷின்களின் வேலை. சரியில்லாததை மெஷின் உள்ளே விடாது.

நாங்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து குன்றத்தூரில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினோம். கூட்டு ரோட்டில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறவர் முன்பு எங்கள் லைனில் வேலை பார்த்தவர். கடையில் நல்ல இன்டர்நெட் இருந்ததால் மெஷினை அங்கேயே வைத்தோம். எங்கள் பன்னிரண்டு போனும் அந்த மெஷினைத்தான் கேட்கும். வந்ததா, வரவில்லையா என்று வேறு எவனையும் நம்ப வேண்டியதில்லை. கடைப்பக்கம் போகும்போதெல்லாம் அதன் ஃபேன் சுற்றுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் வருவேன். அவ்வளவு பெருமை எனக்கு.

பிறகு சண்டை வந்தது. அது எங்கள் ஊர்ச் சண்டை இல்லை. உலகம் முழுக்க அந்தக் காசை வைத்திருப்பவர்கள் இரண்டாகப் பிரிந்து இணையத்தில் அடித்துக்கொண்டிருந்தார்கள். பெட்டியைப் பெரிதாக்கு, எல்லோருக்கும் இடம் கிடைக்கும், டீ குடிக்கவும் இந்தக் காசைப் பயன்படுத்தலாம் என்றது ஒரு கட்சி. பெட்டி பெரிதானால் சாதாரண மெஷின் திணறும், கடைசியில் பெரிய கம்பெனிகள் மட்டும்தான் பெட்டியைத் திறந்து பார்க்கும், இது சேமித்து வைக்கிற காசாகவே இருக்கட்டும் என்றது இன்னொரு கட்சி. நான் எந்தக் கட்சி என்று சொல்லத் தேவையில்லை. அண்ணன் எதிர்க்கட்சி.

அவருக்கும் காரணம் இருந்தது. கம்பெனி பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே டிபன் கடை நடத்தும் அக்காவிடம், பழக்கத்தின் பேரில், இந்தக் காசை வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார். ஒரு காலை நேரம், தோசை சாப்பிட்டுவிட்டு அனுப்பினார். அன்று பெட்டியில் கூட்டம். கட்டணம் தோசையைவிட அதிகம் காட்டியது. குறைந்த கட்டணத்தில் அனுப்பிவிட்டு, போய்ச் சேரும் வரை நிற்பதுதான் மரியாதை என்று நின்றார். பஸ் போய்விட்டது. அவருக்கு அரை நாள் சம்பளம் போனது. எதற்கும் முகம் சுளிக்காத மனிதர், அன்றிலிருந்து இந்தப் பேச்சு வந்தாலே சூடாகிவிடுவார்.

அந்த வாரம் எனக்கு ஏ ஷிஃப்ட். காலை ஆறு மணிக்கு உள்ளே போகும்போது போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். மதியம் இரண்டரைக்கு வெளியே வந்து எடுத்தேன். எங்கள் குரூப்பில் நூற்றுச் சொச்சம் செய்தி. மேலே போய்ப் பார்த்தால், காலை ஏழு மணிக்கு ஒரு ஓட்டு வைத்திருக்கிறார்கள். பெட்டியைப் பெரிதாக்கும் புது விதிக்கு மாறுவதா, வேண்டாமா. மாறினால் பழைய மெஷின் தாங்காது, அதனால் அதை நிறுத்திவிட்டு ஒரு பெரிய கம்பெனியின் ஆப்பைப் பயன்படுத்துவது. மாறலாம் என்று ஆறு பேர், வேண்டாம் என்று ஒருவர். மதியம் ஒரு மணிக்கு ஓட்டு முடிந்திருந்தது. ஏ ஷிஃப்டில் இருந்த ஐந்து பேரின் போனும் அந்த நேரம் முழுக்க லாக்கரில் கிடந்தது.

யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் ஷேர் ஆட்டோ பிடித்து மொபைல் கடைக்குப் போனேன். ஃபேன் சத்தம் இல்லை. ஒயரைப் பிடுங்கி, சுருட்டி, மெஷின் தலைமேலேயே வைத்திருந்தார்கள்.

"யாரைக் கேட்டுக்கினு ஆஃப் பண்ணீங்க?" என்றேன்.

கடைக்காரர் ஒரு போனைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. "குரூப்ல ஓட்டு முடிஞ்சிட்ச்சு. பெரும்பான்மை."

"நாங்க அஞ்சு பேரு லைன்ல நின்னுக்கினு இருந்தோம். போன் லாக்கர்ல. ஆறு மணி நேரத்துல ஓட்டு முடிக்கணும்னு எவன் சொன்னான்?"

அவர் மெதுவாகத் தன் போனை எடுத்து, குரூப்பின் ஆரம்பத்துக்குப் போய், என் பக்கம் திருப்பினார். எந்த ஓட்டும் ஆறு மணி நேரம் மட்டுமே திறந்திருக்கும், போட்டவர்களில் பெரும்பான்மை முடிவு. அதை எழுதியிருந்தது நான். அப்போது பன்னிரண்டு பேரும் ஒரே ஷிஃப்ட், ஒரே பஸ், ஒரே நேரத்தில் போன் கையில் இருக்கும். பிறகு கம்பெனி எங்களை மூன்று ஷிஃப்டாகப் பிரித்துப் போட்டது. விதி அப்படியே நின்றுவிட்டது, அதைத் திருத்த வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

கேவலமாக இருந்தது. பார்க்காமல் ஓகே போடமாட்டேன் என்று ஊரெல்லாம் பேசிவிட்டு, நானே எழுதிய விதியைத் திரும்ப எடுத்துப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். ஆனால் வெட்கப்பட்டால் என் கோபம் குறைவதில்லை, கூடத்தான் செய்யும். அங்கேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அண்ணனுக்கு போன் போட்டு வரச் சொன்னேன். ராத்திரி சி ஷிஃப்ட் முடித்துத் தூங்கியவர், முகம் கழுவின ஈரத்தோடு வந்தார்.

"ஓட்டு செல்லாதுண்ணா," என்றேன். "மூணு ஷிஃப்டும் பாக்குற மாதிரி முழுசா ஒரு நாள் வையுங்க. அப்ப தோத்தா தோக்குறேன்."

"நான் வேணும்னு செய்யல தங்கச்சி. ஷிஃப்ட் முடிஞ்சு பஸ்ல வரும்போது எல்லாரும் பேசுனோம், அங்கனயே வச்சுட்டோம்."

"பஸ்ல இருந்தவங்க மட்டும் எல்லாரும் இல்லண்ணா."

அவர் மெஷின் மேலிருந்த ஒயரை எடுத்து என்னிடம் நீட்டினார். "சரி. ஒரு நாள் வைப்போம். ஆனா அதுக்கு முந்தி நீ என்கூட டிபன் கடைக்கு வரணும். நீ சொன்னா நான் கேக்கேன்லா, நீயும் நான் சொல்லுததைக் கேளு."

ஒயரை மாட்டி மெஷினை ஓடவிட்டுவிட்டு அவரோடு போனேன். டிபன் கடை அக்கா மாலைக்கு மாவைக் கரைத்துக்கொண்டிருந்தார். சுவரில் ஒட்டியிருந்த எங்கள் காசின் ஸ்டிக்கரைக் கிழித்த தடம் இருந்தது. பக்கத்தில் ஸ்கேன் செய்யும் அட்டை புதிதாக மின்னியது.

"இன்னாமா பண்ணச் சொல்ற?" என்றார் அக்கா. "வரும் வரும்னு சொல்லிக்கினே அவரு நின்னாரு. நான் கல்லுகிட்ட நின்னுக்கினு அவரு மூஞ்சியப் பாக்குறேன். பஸ்ஸும் பூட்ச்சு. இதுல ஸ்கேன் பண்ணா உடனே சத்தம் வருது, நான் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. உங்க காசு நல்ல காசுதான், வேணான்னு சொல்லல. ஆனா யாருக்கு அது?"

திரும்பி நடக்கும்போது அண்ணன் குரலை உயர்த்தாமல்தான் பேசினார். "நீ பெட்டியத் தொறந்து பாக்க, சரி. பெட்டிக்குள்ள ஒண்ணுமே வரலைன்னா எதைப் பாப்ப?"

"எங்க லைன்ல போன வருஷம் ஸ்பீடு ஏத்துனாங்கண்ணா," என்றேன். "எல்லாத்தையும் பாக்க முடியாது, இருபதுக்கு ஒண்ணு பாருன்னாங்க. அப்புறம் அதுவும் வேணாம், கேமரா பாத்துக்கும்னாங்க. கேமராவை யாரு பாக்குறாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

இருவரும் அவரவர் பக்கம் சரி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். ஆனால் எனக்கு முதல்முறையாக அவர் பக்கமும் சரி என்று தோன்றிவிட்டது. அது பிடிக்கவில்லை. எதிரி என்று ஒருவரை முழுதாக வெறுக்க முடியாமல் போவது பெரிய தொல்லை.

ஓட்டு மறுநாள் காலை ஆறிலிருந்து அதற்கு மறுநாள் காலை ஆறு வரை. நான் ஒருவரையும் விடவில்லை. கேன்டீனில், பஸ்ஸில், கைகழுவும் இடத்தில் பிடித்துப் பேசினேன். மெஷின் இருந்தால் நாமே பார்க்கிறோம், போனால் அவர்கள் சொல்வதைக் கேட்கிறோம் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். "நீ சொல்றது கரெக்டுதான்" என்றவர்களில் இரண்டு பேர் எதிர்ப்பக்கம் போட்டார்கள். ஏழுக்கு ஐந்து. தோற்றேன்.

ஆனால் ஏற்றுக்கொண்டேன், பன்னிரண்டு பேரும் பார்த்துப் போட்ட ஓட்டு அது. மெஷினைக் காயலான் கடைக்குப் போடலாமா என்று பேச்சு வந்தபோது, நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வடக்குப்பட்டில் எங்கள் வீட்டுக்கு ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். டிவிக்குப் பக்கத்தில் வைத்து ஓடவிட்டதும் அம்மா வந்து நின்றார்.

"இன்னாடி இது, எந்நேரமும் உர்ருனுகினே கீது?"

"பாத்துக்கினு இருக்குமா."

"எத்த?"

விளக்கினேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "சோறு போடுமா?" என்றார். போடாது என்றேன். கரண்ட் பில்லை நான்தான் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

புது விதி உலகம் முழுக்க அமலுக்கு வந்த நாள் எனக்கு வாராந்திர லீவு. முதல் பெரிய பெட்டி வந்தது. என் மெஷின் திறந்து பார்த்து, அளவு மீறியது, செல்லாது என்று தள்ளிவிட்டது. அந்த வரியைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. உலகமே ஒரு பக்கம் போகிறது, டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இந்தப் பழைய டப்பா முடியாது என்கிறது. அந்தக் கணத்திலிருந்து காசு இரண்டாகப் பிரிந்தது. என் பக்கம் பழைய விதியோடு சிலர், அந்தப் பக்கம் மற்ற எல்லோரும், எங்கள் குரூப் ஆட்கள் உட்பட.

அதற்குப் பிறகு வந்தது நான் எதிர்பார்க்காதது. என் பக்கத்துப் பெட்டிகள் முதலில் மெதுவாக வந்தன, பிறகு காலியாக வந்தன. அனுப்புகிறவர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். மெஷின் ஒவ்வொரு காலிப் பெட்டியையும் ஒழுங்காகத் திறந்து, சரி என்று சொன்னது. இப்படி ஐந்து வாரம். வேலை முடிந்து வந்து அதைப் பார்க்கும்போது பெருமையாகவும் இருந்தது, யாருமே வராத கல்யாண மண்டபத்தில் பன்னீர்ச் செம்பு பிடித்துக்கொண்டு நிற்பது போலவும் இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அதுவரை வீட்டுக்கு வந்ததில்லை. புது போன் வாங்கியிருக்கிறார். பழைய போனில் இருந்த காசு முழுவதையும் புதிதுக்கு மாற்றியிருக்கிறார். மகளைக் காலேஜில் சேர்ப்பதற்கென்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தது. பழையதிலிருந்து போய்விட்டது, புதிதில் வரவில்லை. ஆப்பைத் திறந்தால் சரிபார்ப்பில் உள்ளது, காத்திருக்கவும் என்று மட்டும் சொல்கிறது. முந்தின நாளிலிருந்து அதே வரி.

"உன் மெஷின் என்ன சொல்லுது, பாரேன் தங்கச்சி," என்றார்.

அவரை உட்காரச் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. "என் மெஷினுக்கு அது தெரியாதுண்ணா. அது உங்க பக்கம் போன பணம். அந்தப் பக்கத்துப் பெட்டி எதையும் இது தொறக்காது."

"அப்போ அதை யாரு பாக்கது?"

ஐந்து வாரமாக ஒரு பெட்டி விடாமல் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு மனிதனின் பணம் அதில் ஒன்றில்கூட இல்லை. அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, பதறாமல், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனார். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை காலை அவருக்குப் பணம் வந்து சேர்ந்துவிட்டது. கூட்டத்தில் ஆப் மெதுவானதாம், வேறொன்றும் இல்லையாம். ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் கேட் அருகே பார்த்துச் சொன்னார். "வந்துட்டு. ஆனா அந்த ரெண்டு நாளும், வந்துச்சா வரலியான்னு சொல்ல நம்ம பன்னண்டு பேர்ல ஒரு ஆளு இல்ல பாத்தியா. அதான் எனக்கு மனசுல நிக்கி."

அன்று லைனில் நிற்கும்போதே முடிவு செய்துவிட்டேன். அந்த மாதம் கிடைத்த ஓவர்டைம் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு செய்தேன். பெரிய டிஸ்க் ஒன்று வாங்கினேன். மெஷினை மறுபடி மடியில் வைத்துக்கொண்டு கூட்டு ரோட்டுக்குப் போனேன். அது ஒரு நேரத்தில் ஒரு விதியைத்தான் தாங்கும். புதிதை வைத்தால் பழையதை எடுத்துவிட வேண்டும். நான் விடாப்பிடியாகக் காத்த அந்தப் பக்கத்தை என் கையாலேயே அழிக்க வேண்டும். அழிக்கட்டுமா என்று திரை கேட்டபோது அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை, கை மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டது. அழுத்தினேன்.

"பழைய பெட்டி எல்லாம் யாரோ சரிபார்த்து வச்ச காப்பி நெட்லயே கிடைக்குது, போட்டுடலாம், சீக்கிரம் முடியும்," என்றார் கடைக்காரர்.

"வேணாம். முதல் பெட்டியில இருந்து இதுவே பாக்கட்டும்."

"இந்த டப்பாவுக்குப் பதினோரு நாள் ஆவும்மா. அப்புறமும் பெரிய பெட்டி வந்தா மூச்சு வாங்கும்."

"வாங்கட்டும். தாங்காத அன்னிக்கு வேற வாங்குறேன்."

அண்ணன் பி ஷிஃப்டுக்குப் போகிற வழியில் கடைக்குள் வந்தார். ஃபேன் சத்தம் கேட்டுத் திரும்பியிருக்கிறார். திரையில் புது விதியின் பெயரைப் பார்த்ததும் என்னைப் பார்த்தார்.

"இதுக்கு குரூப்ல ஓட்டு வைக்கலியா?"

"இதுக்கு எதுக்குண்ணா ஓட்டு? என் மெஷினு."

சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, திரையை விரலால் தொட்டுக் காட்டினார். "நீ வேண்டாம்னு சொன்ன பெட்டில்லா தங்கச்சி இது. இதுக்காகத்தான அவ்வளவு சண்டை போட்ட."

"ஆமா. இப்பவும் வேணாம்னுதான் சொல்றேன். ஆனா உங்க பொண்ணு காலேஜுப் பணம் இதுலதான கீது. அப்ப நான் இதைத்தான் பாக்கணும்."

பஸ் வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.